கணக்கு ஏடு காட்டிக்கொடுத்த 'கஸ்டமர்'

எலிசபெத் அரசி காலத்து லண்டன் சுங்க அதிகாரி ஒருவரைப் பற்றிச் சரித்திர நூல் ஒன்று சொல்கிறது, அரசாங்க ஏடு வேறொன்று சொல்கிறது. திருவனந்தபுரத்தில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் ஓலைச் சுருணைகளுக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் உண்டு.

லண்டன் துறைமுகத்தில் அவர் பெயர் 'கஸ்டமர்' ஸ்மைத். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் கஸ்டமர் என்றால் வாடிக்கையாளர் அல்ல, சுங்கம் வசூலிப்பவர். வில்ட்ஷயர் பகுதியிலுள்ள கோர்ஷாம் என்ற ஊரில் 1522இல் பிறந்தவர் தாமஸ் ஸ்மைத். தந்தை துணி வியாபாரி. பிழைப்புத் தேடி லண்டன் வந்த இளைஞர், நகர மேயராக இருந்த சர் ஆண்ட்ரூ ஜட்டின் மகள் ஆலிஸை மணந்தார். பிறகு ஏறுமுகம்தான். மேரி அரசியின் கடைசிக் காலத்தில் சுங்க வசூல் அதிகாரியானார். எலிசபெத் அரியணை ஏறிய பின்பும் 1569 வரை பதவி அவரிடமே இருந்தது.

அவர் ஏதேனும் நாட்குறிப்பு எழுதினாரா என்று தேடி அலைய வேண்டியதில்லை. அவரைத் தெரிந்துகொள்ள உதவுபவை வேறு காகிதங்கள். கருவூலத்தின் கணக்குகள், குத்தகைப் பத்திரங்கள், அமைச்சரின் குறிப்புகள், வழக்கு மன்றச் சுருள்கள். இவற்றில் பெரும்பாலானவை அதிகாரிகள்மேல் இருந்த சந்தேகத்தால் உண்டானவை.

முத்திரையும் மோசடியும்

சரக்கின் மதிப்பில் பவுனுக்கு ஒரு ஷில்லிங் வரி. அதாவது 5 சதவீதம். வியாபாரி பணம் கட்டினால் முத்திரையிட்ட தோல் சீட்டு ஒன்று கிடைக்கும். அது கையில் இருந்தால்தான் சரக்கைக் கப்பலில் ஏற்றலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பொதிகளின் மேல் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறதே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. முத்திரை யார் கையில் இருக்கிறதோ, பணமும் அவர் வழியாகத்தான் போக வேண்டும்.

1567இல் ஸ்மைத் சிக்கினார். வேண்டியவர்களுக்குத் தனியாக அனுமதிச் சீட்டு கொடுத்து, அரசிக்குச் சேர வேண்டியதில் சுமார் 6,000 பவுனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் என்பது புகார். சிறைக்குப் போயிருக்க வேண்டியவர். அமைச்சர் வில்லியம் செசில் குறுக்கிட்டார். ஆளை உள்ளே தள்ளினால் பணம் வராது, அவகாசம் கொடுத்தால் கட்டிவிடுவார் என்பது அவர் வாதம். அரசிக்கும் பணம்தான் முக்கியமாக இருந்தது.

இத்தகைய கசிவுகளை அடைக்கவே புதிய முறை ஒன்று வந்திருந்தது. 1564இல் கருவூலம் பிறப்பித்த ஆணைப்படி, அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பக்க எண் இட்ட வெற்றுத் தோல் புத்தகங்கள் போயின. வசூலிப்பவருக்கு ஒன்று, அவரை மேற்பார்ப்பவருக்கு ஒன்று, சரக்கைச் சோதிப்பவருக்கு ஒன்று. மூன்றையும் ஒப்பிட்டால் பொய் வெளிப்பட வேண்டும். இந்தத் துறைமுகப் புத்தகங்களில் ஏறக்குறைய 20,000 இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருட்டைப் பிடிக்க எழுதிய ஏடுகள், யாருடைய கப்பலில் என்ன சரக்கு வந்தது என்று நானூறு ஆண்டுக்குப் பின்பும் சொல்கின்றன.

வழக்குச் சுருள்களைப் படிப்பதில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சுங்க மோசடியைக் காட்டிக்கொடுப்பவருக்கு அபராதத்தில் பாதி கிடைக்கும் என்பது அன்றைய வழக்கம். பாதி பங்குக்காகவே புகார் எழுதிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். மன்றத்தில் பதிவான புகாரை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

14,000மா, 20,000மா?

மோசடிப் புகாருக்கு ஆளானவருக்கு என்ன ஆயிற்று? 1570இல் லண்டனின் இறக்குமதிச் சுங்கத்தை அவருக்கே குத்தகைக்கு விட்டார்கள்! ஆண்டுக்கு 17,500 பவுன் அரசிக்கு. மேலே வருவது அவருக்கு. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் உறுதியான தொகை கைக்கு வரும் என்பதே அரசின் கணக்கு. 1576இல் குத்தகை 20,000 பவுனுக்கு உயர்ந்தது. 1588இல் குத்தகை முடிவுக்கு வந்தது.

சரித்திர நூலாசிரியர் வில்லியம் கேம்டன் எழுதியது வேறு கதை. ஸ்மைத் 14,000 பவுன்தான் கட்டிவந்தார். கார்மார்டன் என்ற சிறிய சுங்க அலுவலர், பெரிய அமைச்சர்களின் கோபத்தையும் மீறி அரசியிடம் உண்மையைச் சொன்னார். உடனே அரசி தொகையை 42,000ஆகவும் பின்னர் 50,000ஆகவும் உயர்த்தினார். இதைக் கேம்டன் 1590ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் சேர்த்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹ்யூம் எழுதிய இங்கிலாந்து வரலாற்றிலும் அதே எண்கள் வந்துவிட்டன.

நல்ல கதைதான். எளிய ஊழியர், பேராசைக்கார அதிகாரி, நீதி வழங்கும் அரசி. குத்தகைப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்தால் கதை நிற்பதில்லை. தொகை 14,000 அல்ல. 1590இல் அவரிடம் குத்தகையே இல்லை. ஸ்மைத் யோக்கியர் என்று இதற்குப் பொருளல்ல. 1567ஆம் ஆண்டுப் புகார் இருக்கவே இருக்கிறது. செய்த தவறு எது, அவர்மேல் பிற்காலத்தார் ஏற்றிய தவறு எது என்று பிரித்துக் காட்ட ஏட்டால்தான் முடிந்தது.

மகன் வந்த வழி

1591இல் ஸ்மைத் இறந்தார். கென்ட் பகுதியில் ஆஷ்ஃபோர்டு தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இந்தியருக்கு அவர் குடும்பம் அந்நியமல்ல. அவருடைய அதே பெயர் கொண்ட மகன், 1600 டிசம்பர் 31 அன்று பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னர். அந்தக் கம்பெனிதான் மிளகுக்காக 1684இல் ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி பெற்று அஞ்சுதெங்கில் கால் ஊன்றியது.

அஞ்சுதெங்குக்குத் தெற்கே திருவனந்தபுரம். அங்கே பெரிய குளத்தோடு கூடிய வராகமூர்த்தி கோயிலால் பெயர் பெற்ற ஸ்ரீவராகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கோட்டைப் பகுதியில், மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு காலத்தில் சிறையாக இருந்த கட்டடம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் இங்கே. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஏடுகளும் இவற்றில் அடக்கம். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று பல எழுத்துகள். 2022 டிசம்பரில் இங்கு ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

திருவிதாங்கூருக்கும் ஒரு 'கஸ்டமர்' கதை உண்டு. 1799இல் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகிய மூவரும் குடிகளிடம் பணம் பிழிந்தார்கள் என்று மக்கள் திரண்டார்கள். முன்னின்றவர் காரியக்காரராக இருந்த வேலுத்தம்பி. நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. சங்குண்ணி மேனன் 1878இல் எழுதிய திருவிதாங்கூர் வரலாறு முதல் பலரும் இதைச் சொல்லிவந்திருக்கிறார்கள்.

சொல்லப்படுவது பெரும்பாலும் வென்றவர் தரப்பு. எவ்வளவு கேட்டார்கள், யாரிடம் வாங்கினார்கள், கஜானாவுக்குப் போனது எத்தனை பணம் என்று கேட்டால் கதை போதாது, கணக்கு வேண்டும். லண்டனில் கேம்டனின் எண்களைத் திருத்தியது புதிய தத்துவம் எதுவுமல்ல. பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஓலையைப் பூச்சி அரிக்காமல் காக்க எண்ணெய் பூசலாம். படம் எடுத்துக் கணிப்பொறியில் ஏற்றலாம். வட்டெழுத்தும் கோலெழுத்தும் படிக்க ஆள் இல்லாவிட்டால் படமும் ஊமைதான். தமிழும் மலையாளமும் கற்ற பட்டதாரிகள் சிலர் இந்தப் பழைய எழுத்துகளில் பயிற்சி பெற்றாலே, காது அறுபட்டவர்களின் தரப்பையும் ஒருநாள் கேட்க வாய்ப்பு உண்டு.