பொன்னும் கணக்கும்

2020 பிப்ரவரித் திங்களில், உத்தரப் பிரதேசத்துச் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கு மேற்பட்ட பொன் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. சில நாள்களுக்குள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனை மறுத்தது. அங்கு மதிப்பிடப்பட்டது ஏறக்குறைய 52,806 டன் தாதுக்கல். டன் ஒன்றுக்குச் சராசரி 3.03 கிராம் பொன். பெருக்கிப் பார்த்தால் சுமார் 160 கிலோகிராமே தேறும். கல்லின் எடை வேறு, பொன்னின் எடை வேறு.

கண்ணுக்குப் புலப்படாத இந்நுண்ணளவை எவ்வாறு அறிகின்றனர்? முதலில் பாறைகளின் அமைப்பை வரைபடமாக்குவர். ஓடை மணலைத் தட்டில் அலசிப் பொன் துகள் உண்டா என்று நோக்குவர். அறிகுறி கண்ட இடத்தில் அகழி வெட்டித் தாதுப் படிவத்தின் திசையையும் தடிப்பையும் அளப்பர். பின்னர், வைரம் பதித்த துளைக்கருவியால் ஆழத்துளையிட்டு, உருளை வடிவான கல்தண்டுகளை வெளிக்கொணர்வர். தண்டின் ஒரு பாதியைச் சான்றாக வைத்து, மறுபாதியைப் பொடித்து, ஈயம் சேர்த்து மூசையில் உருக்கி, பொன்னைப் பிரித்து நிறுப்பர்.

நீளம், தடிப்பு, ஆழம் மூன்றையும் பெருக்கினால் படிவத்தின் கன அளவு கிடைக்கும். அதனைக் கல்லின் அடர்த்தியால் பெருக்கினால் டன் கணக்கும், அதனைப் பொன் விகிதத்தால் பெருக்கினால் பொன்னின் எடையும் தெரியும். ஆனால் துளைகளுக்கு இடைப்பட்ட பாறையை எவரும் கண்டதில்லை. பொன்னும் ஒரே சீராகப் பரவியிருப்பதன்று. ஆகவே, துளைகள் நெருங்க நெருங்கவே மதிப்பீடு உறுதிப்படும்.

இவ்வாறு மதிப்பிட்டதனைத்தும் ‘இருப்பு’ ஆகிவிடாது. அது வெறும் ‘வளம்’. எடுக்கும் செலவுக்குமேல் வரவு தரக்கூடிய பகுதியே இருப்பு எனப்படும். விலை ஏறினால் இருப்பு பெருகும். செலவு ஏறினால் சுருங்கும்.

இவ்வுண்மையைத் தமிழ்மக்கள் கோலாரில் நேரிற் கண்டனர். வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் அவர்கள். ஆழம் மூன்று கிலோமீட்டரைக் கடந்தது. தாதில் பொன்னின் அளவு குறைந்தது. செலவு வரவை மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பூமியில் பொன் அடியோடு தீர்ந்துவிடவில்லை. கணக்கில் இருப்பு தீர்ந்தது. அத்துடன் பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பும் போயிற்று.

எனவே, எங்கேனும் பொன் கிடைத்தது என்று கேள்வியுறும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எத்தனை துளைகள் இட்டனர்? டன்னுக்கு எத்தனை கிராம்? எடுக்க ஆகும் செலவு எவ்வளவு? விடை கிடைக்கும்வரை நிலத்தை விற்கவும் வேண்டா, வாங்கவும் வேண்டா.