போல்ட் தலையில் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள்!

உழவு ஓடிக்கொண்டிருக்கும்போது ரோட்டவேட்டரில் 'டக்'கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு கத்தியைக் காணோம். அது மண்ணுக்குள் கிடந்தால் செலவோடு போயிற்று. பின்னால் நடந்து வந்தவரின் காலில் பட்டிருந்தால்?

கத்தியைப் பிடித்திருந்த போல்ட் அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். அறுந்தவற்றிலும் பல, முதலில் தளர்ந்து, ஆடி ஆடிப் பிறகு அறுந்தவைதான்.

கடையில் போல்ட் வாங்கும்போது நீளத்தையும் தடிமனையும் மட்டும் பார்க்கிறோம். தலையில் பொறித்திருக்கும் எண்தான் முக்கியம். 8.8 என்றிருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவை வரை அறாது. அதில் 80 சதவிகிதத்தைத் தாண்டினால் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 4.6 என்றால் 40 கிலோ, 60 சதவிகிதம். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எண்ணே இல்லாத போல்ட்டை வேலி கேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். சுழலும் கத்திக்கு வேண்டாம். நட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும். 8.8 போல்ட்டுக்கு 8 என்று பொறித்த நட்.

அதற்காக எல்லா இடத்திலும் கெட்டியான போல்ட் போடக் கூடாது. சில இயந்திரங்களில் பி.டி.ஓ ஷாஃப்ட்டில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். கத்தி கல்லில் மாட்டினால் அது அறுந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். 'அடிக்கடி அறுகிறதே' என்று அங்கே 10.9 போட்டால், அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ். கம்பெனி சொன்ன தரத்தையே போடுங்கள்.

இனி, கழலும் பிரச்னை. பக்கவாட்டில் ஆடும் இடத்தில் நட் தானாகவே சுழன்று கழலும் என்பதை 1969-ல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் சோதனையில் காட்டினார். அதே முறையில் பிறகு சோதித்தபோது, நாம் பெரிதும் நம்பும் ஸ்பிரிங் வாஷர் சரியாகத் தாங்கவில்லை. பவர் வீடர், பவர் டில்லரின் இன்ஜின் பிடிமான போல்ட்டுகளுக்கு 'த்ரெட் லாக்கர்' எனும் மரைப் பசை கைகொடுக்கும்.

காற்றுப் படாமல் உலோகத்துக்கு நடுவே சிக்கினால்தான் இந்தப் பசை இறுகும். காற்றுக்காகவே பாட்டிலை முழுக்க நிரப்புவதில்லை. குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகளில் நீலம் நடுத்தரப் பிடிப்பு; ஸ்பேனரால் கழற்றலாம். சிவப்பைக் கழற்றச் சுமார் 250 டிகிரி வரை சூடு காட்ட வேண்டியிருக்கும். டீசல் டேங்க் பக்கத்தில் அந்த வேலை எதற்கு? நீலமே போதும்.

மரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, உலரவிடுங்கள். நட் உட்காரும் இடத்தில் ஓரிரு சொட்டு விட்டு முறுக்குங்கள். முழுப் பிடிப்பு வர 24 மணி நேரம் ஆகும். இன்று மாலை பூட்டினால் நாளை மாலைதான் வயலுக்கு. அவசரத்தில் இதைத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். சைலன்ஸர் போல்ட்டுக்குச் சாதாரணப் பசை வேண்டாம், சூட்டில் விட்டுவிடும். பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் விரிசல் விடலாம்.

இறுகிய நட்டை 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று மறுபடி முறுக்கினால் பிடிப்பு உடைந்துவிடும். அதற்குப் பதில், நட்டிலிருந்து அடியிலுள்ள இரும்பு வரை பெயின்ட்டால் ஒரே கோடாக இழுத்து வையுங்கள். காலையில் இன்ஜினை ஓட்டுவதற்கு முன் ஒரு பார்வை. கோடு விலகியிருந்தால், நட் சுற்றியிருக்கிறது.