ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப்: பிள்ளையும் வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டியவை



மேற்படிப்புக்கு ஜெர்மனி செல்ல விரும்பும் பிள்ளைகள் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பல படிப்புகளில் சில மாதங்கள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டும். அதுதான் இன்டர்ன்ஷிப். "மகன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்" என்ற செய்தி வந்ததும், கடனை எப்போது அடைக்கலாம் என்ற கணக்கு வீட்டில் தொடங்கிவிடுகிறது. பல பிள்ளைகளுக்குச் சிரமம் ஆரம்பிப்பதும் அங்கேதான். எனவே இந்தப் பயிற்சிக் காலம் உண்மையில் எப்படிப்பட்டது என்பதை இங்கே விளக்குகிறோம்.

படிப்பின் ஒரு பகுதி

இன்டர்ன்ஷிப்பில் இரண்டு வகை உண்டு. பாடத்திட்டத்திலேயே இருப்பது கட்டாயப் பயிற்சி. மாணவர் தாமாகத் தேடிச் செய்வது விருப்பப் பயிற்சி. கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. நிறுவனம் விரும்பினால் உதவித்தொகை தரும், தராமலும் இருக்கலாம். விருப்பப் பயிற்சி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் பொதுவாகக் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும். அது 2025இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. 2026 ஜனவரி முதல் 13.90 யூரோ.

இந்த வேறுபாடு தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, விடுப்பு உண்டா என்பவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாணவரின் மாதச் செலவுக்கு 992 யூரோ தேவை என்று கணக்கிட்டே, விசாவுக்கு முன் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். ஆகவே பயிற்சியில் வரும் தொகை பெரும்பாலும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும்.

மீறக்கூடாத எல்லை

மாணவர் விசாவில் இருப்பவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். கட்டாயப் பயிற்சி இந்தக் கணக்கில் சேராது. விருப்பப் பயிற்சி சேரும். பணம் அனுப்பச் சொல்லி வீட்டிலிருந்து நெருக்கடி வரும்போது, சில பிள்ளைகள் கணக்கில் காட்டாத வேலைக்கும், மற்றவர் பெயரிலுள்ள கணக்கில் உணவு கொண்டுசேர்க்கும் வேலைக்கும் போய்விடுகிறார்கள். அது தெரியவந்தால் வதிவிட அனுமதியே ஆபத்தில் சிக்கும். சில நூறு யூரோவுக்காக இரண்டாண்டுப் படிப்பைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

இந்தியக் கல்லூரியில் படித்துக்கொண்டே பயிற்சிக்கு மட்டும் செல்பவர்களுக்கு வழி வேறு. அதற்குரிய விசா வேண்டும். ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் இசைவும் வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ப் பயிற்சி செய்யலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

போய் இறங்கியதும்

புது ஊரில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று அவசியம். "பதிவுக்குக் கையெழுத்துத் தரமாட்டேன்" என்று சொல்பவரிடம் அறை எடுக்கவே வேண்டாம். பதிவு செய்தால்தான் வரி எண் தபாலில் வரும். சம்பளக் கணக்குக்கு நிறுவனம் அதைக் கேட்கும். பயிற்சிக்காக ஊர் மாறினால், அங்கேயும் முகவரியைப் பதிவு செய்ய வேண்டுமா என்று நகர அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. சனிக்கிழமையே மளிகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 112, போலீஸுக்கு 110 என்ற எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும்.

வேலை இடத்தில்

ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே இருக்கையில் இருக்க வேண்டும். தாமதமானால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட வேண்டும். நம் மொழியில் நீ, நீங்கள் இருப்பதுபோல அவர்களிடம் 'டூ', 'ஸீ' உண்டு. மூத்தவரே 'டூ' என்று அழைக்கச் சொல்லும்வரை 'ஸீ' என்பதே மரியாதை.

புரியாததைப் புரிந்ததுபோலத் தலையாட்டும் பழக்கம் அங்கே கெட்ட பெயரைத்தான் தரும். "எனக்கு இது புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையில் தவறு இருந்தால் நேராகவே சொல்வார்கள். அது கோபம் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே தெரிவிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் எழுத்துச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த வேலைக்கு அதுதான் கை கொடுக்கும்.

தொழுகையும் உணவும்

பெர்லினில் டிசம்பர் கடைசியில் மாலை 4 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள்ளேயே வரும். ஜூனில் மஃரிப் இரவு 9.30ஐத் தாண்டும். ஆகவே தொழுகைக்குச் சில நிமிடம் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே மேலாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் சட்டப்படி அரை மணி நேர இடைவேளை உண்டு. ஜும்ஆவுக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டால், "அந்த நேரத்தை மாலையில் ஈடுசெய்கிறேன்" என்று சொல்லிக் கேட்கலாம். சொல்லாமல் எழுந்து போவதுதான் சந்தேகத்தை உண்டாக்கும்.

பெருநாள் அங்கே அரசு விடுமுறை இல்லை. பிறையைப் பார்த்துத்தான் நாள் தெரியும் என்பதும் மேலாளருக்குப் புரியாது. வரக்கூடிய இரண்டு தேதிகளையும் பல வாரம் முன்பே சொல்லி வைத்தால் சிக்கலில்லை.

ஹலால் இறைச்சிக்குத் துருக்கியர் கடைகள் பெரும்பாலான நகரங்களில் உள்ளன. மற்ற கடைகளில் வாங்கும்போது உறையைப் படிக்க வேண்டும்: 'ஷ்வைன்' என்றால் பன்றி, 'ஷ்பெக்', 'ஷ்மால்ஸ்' என்பவை பெரும்பாலும் அதன் கொழுப்பு. மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது

குளிர்காலத்தில் நமக்கும் அங்கேக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. இங்கே காலை 10 மணிக்கு உம்மா போன் செய்தால் குளிர்காலத்தில் அங்கே விடியற்காலை 5.30. இருவருக்கும் வசதியான ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலே இல்லாத மாதங்களில் பிள்ளை குரல் சோர்ந்து பேசினால், "மற்ற பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் பார்" என்று ஒப்பிடாதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள்.

படிப்புக்குக் கடன் வாங்கியிருந்தால், பயிற்சிக் காலத்து வருமானத்தை நம்பாமல் தவணைக்கு வழி செய்து வையுங்கள். படிப்பு முடிந்து முறையான வேலை கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். "இப்போதைக்கு எங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், நீ படிப்பை முடி" என்று பெற்றோர் சொல்லும் ஒரு வார்த்தை, பிள்ளையைப் பல தவறான வழிகளிலிருந்து காக்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.