காரில் விழும் கோடுகள்

கார்கள் நெருக்கியடிக்கும் பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எஃபிங்காம் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் பால்மரங்களை அழித்து அந்நகரை எழுப்பினார்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று அங்கே வேலை செய்கிறார்கள். தவணை கட்டி வாங்கிய காரில் தீபாவளிக்கு வீடு வருகிறார்கள். தோட்டத்துச் செம்மண் புழுதி காரை மூடிவிடுகிறது. உடனே நாம் பழைய பனியனையோ கோழி இறகுத் துடைப்பத்தையோ எடுத்துத் துடைக்கிறோம். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

கோடு எப்படி விழுகிறது?

புழுதியில் மணல் இருக்கிறது. காய்ந்த துணி அந்த மணலைக் காரின் மேல் இழுத்துக்கொண்டு போகிறது. எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து விளக்கடியில் பாருங்கள். வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். கோடுகள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்தைச் சுற்றி அமைந்தவை மட்டும் மின்னுவதால் சிலந்தி வலைபோல் தோன்றுகிறது. காரிலும் இதே கதைதான்.

இக்காலக் கார்களில் வண்ணச் சாயத்தின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன். அதாவது தலைமயிரைவிட மெல்லியது. மெல்லிய கோடுகள் இந்தப் பூச்சில்தான் விழுகின்றன.

என்ன செய்யலாம்?

முதலில் விரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் பெரும்பாலும் பாலிஷ் போதும். அதற்காகக் கார் முழுவதும் புதுச் சாயம் அடித்து ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவழிக்க வேண்டியதில்லை. நகம் தட்டினால் பட்டறையில் காட்டுங்கள். இரும்பு தெரிந்தால் தாமதிக்காதீர்கள். நம் நாட்டு ஈரத்தில் துரு விரைவில் ஏறும்.

பாலிஷ் போடுமுன் காரைக் கழுவி, நிழலில் நிறுத்துங்கள். மிக மென்மையான பாலிஷை மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கார் நிறம் ஒட்டினால் அது தெளிபூச்சில்லாத பழைய வகைச் சாயம். கூடுதல் கவனம் தேவை. பாலிஷ் கோட்டை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள பூச்சைச் சற்றே தேய்த்துச் சமமாக்குகிறது. தேய்ந்த பூச்சு திரும்ப வராது. ஆகவே அடிக்கடி செய்யலாகாது. பற்பசையும் வேண்டாம்.

கழுவும் முறை

1. நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை முதலில் இறக்குங்கள்.

2. ஒரு வாளியில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பில் நனையுங்கள்.

3. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி.

4. பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகைப் போக்கிவிடும், தவிருங்கள்.

5. மிருதுவான மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். துணி தரையில் விழுந்தால் துவைக்காமல் மீண்டும் காரில் வைக்காதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெழுகு கோடுகளைச் சில காலம் மறைக்கும்; கழுவக் கழுவ அவை மீண்டும் தெரியும். ஆகவே, நன்றாகக் கழுவச் சொல்லி, வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.