குதிரைக்கும் உண்டு 'மண்டே' பிரச்சினை: லீவு நாளில் கொள்ளைக் குறைக்கச் சொல்வது ஏன்?

சிவாஜிநகர் பக்கம் காமராஜ் ரோடு டிராஃபிக்கில் மாட்டியிருக்கீங்களா? அந்த ரோட்டோட பழைய பேர் கேவல்ரி ரோடு. கன்டோன்மென்ட் காலத்துக் குதிரைப்படையின் ஞாபகம் அது. சில கிலோமீட்டர் தள்ளி பெங்களூர் டர்ஃப் கிளப்பின் ரேஸ் கோர்ஸ். படைக் குதிரை, வண்டிக் குதிரை, பந்தயக் குதிரை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஆபத்து உண்டு: ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தசை இறுகி, அப்படியே நின்றுவிடுவது.

அது என்ன நோய்?

இப்போது 'டையிங் அப்' என்கிறார்கள். பழைய பேர் 'மண்டே மார்னிங் டிசீஸ்'. ஞாயிறு வண்டிக் குதிரைக்கு லீவு. தீனி மட்டும் வழக்கம்போல. திங்கள் காலை வேலைக்கு இழுத்தால் வியர்த்துக் கொட்டும், பின்பக்கத் தசை கல் மாதிரி இறுகும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின்தான் அந்த நிறம். அதிகமானால் கிட்னியே பாதிக்கப்படலாம்.

தீனிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கொள்ளு, ஓட்ஸ், பார்லி எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. சில குதிரைகளின் தசை, பரம்பரைக் காரணத்தால் அதை அளவுக்கு மீறிச் சேமித்துவைக்கும். பந்தயக் குதிரைகளிடம் கதை வேறு: படபடப்பான குதிரைக்கு இந்தப் பிடிப்பு சுலபமாக வரும், மாவுச்சத்து கூடினால் படபடப்பும் கூடும்.

என்ன கொடுக்கணும்?

• முதலில் புல், வைக்கோல் வகை. 500 கிலோ குதிரைக்கு தினமும் 7.5 முதல் 10 கிலோ காய்ந்த புல்.

• தானியத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை எண்ணெய், அரிசித் தவிடு மூலம் கொடுக்கலாம். எண்ணெயை ஒரேயடியாக ஊற்றாமல், ரெண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டணும்.

• லீவு நாளில் தானியம் பாதிதான். ஆனால் லாயத்திலேயே கட்டிப்போடக் கூடாது. கொஞ்சம் நடக்க விடணும்.

• வியர்வையில் உப்பு போய்விடும். அதனால் உப்பும் தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருக்கணும்.

• வைட்டமின் ஈ, செலினியம் தசைக்குத் தேவை. ஆனால் செலினியம் கூடினால் விஷம். டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீங்க.

நடுவழியில் நின்றுவிட்டால்?

வீக்கெண்ட் ரைடிங் கிளாஸில் உங்க குதிரை திடீர்னு நின்றால், 'சோம்பேறி'ன்னு தட்டாதீங்க, நடத்தியும் பார்க்காதீங்க. ஒவ்வொரு அடியும் தசையை இன்னும் சிதைக்கலாம். உடனே இறங்குங்க, நிழலில் நிறுத்தி, கால்நடை மருத்துவருக்கு போன் போடுங்க. அது அடம்பிடிக்கலை, வலியில் நிற்குது.