வாவிக்கரையில் நல்ல போஜனம்

மட்டக்களப்புக்குப் பிரயாணமாக வரும் நேயர்கள், நல்ல போஜனம் எங்கே கிடைக்குமென்று பெயர்ப்பலகைகளை அண்ணாந்து பார்த்து நிற்பதினும், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் இரு கரைகளும் தருவது யாதென்று முதலில் விசாரித்துக்கொள்வது உசிதமாகும். மேற்குக் கரையாகிய படுவான்கரையின் வயல்களிலிருந்து நெல்லும், மேய்ச்சல் நிலங்களிலிருந்து எருமைத் தயிரும் வருகின்றன. கிழக்குக் கரையாகிய எழுவான்கரையோ கடல் மீனையும், வாவியின் இறாலையும் நண்டையும் அளிக்கிறது. மண்சட்டியைச் சற்றே சரித்தாலும் அசையாது, தடித்த ஆடையோடு உறைந்திருக்கும் அந்தத் தயிரில் கித்துள் பாணி வார்த்து உண்ணாமல் ஊர் திரும்புகிறவர் பாக்கியசாலியல்லர் என்பது நமது அபிப்பிராயம்.

கல்லடிப் பாலத்தை (1924இல் எழுந்த பழையதன் பக்கத்திலேயே 2013 முதல் புதியதும் நிற்கிறது) கடந்து தெற்கே சென்றால் காத்தான்குடி. அங்கே அந்தி சாய்ந்ததும் கொத்து ரொட்டி போடும் தகட்டின் சத்தமே வழிகாட்டும். காலையில் பிட்டும் மீன்குழம்பும் விரும்புவோர், அலங்காரம் இல்லையென்று அலட்சியம் செய்யாமல், முச்சக்கர வண்டிக்காரரும் கந்தோருக்குப் போகிறவர்களும் நெருங்கியமர்ந்து உண்ணும் சிறு சாப்பாட்டுக் கடையொன்றில், பிட்டு தீர்ந்துபோகுமுன் நுழைந்துவிடுதல் நன்று.