விவசாயிக்கு வருமான வரி உண்டா? பால் பண்ணைக் கணக்கோடு ஒரு விளக்கம்



ஐந்தாம் படிவக் கணிதத்தில் 'வரிவிதிப்பு' என்று ஒரு பாடம் வருகிறது. அதைப் படிப்பிக்கும்போது நாம் எடுத்துக்கொள்ளும் கணக்குகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரைப் பற்றியவை. ஆனால், கிள்ளான், கோல லங்காட் பக்கம் மாடு, ஆடு, காய்கறி, செம்பனை என்று பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். "டீச்சர், எங்க அப்பாவுக்கும் வரி உண்டா?" என்று ஒரு மாணவர் கேட்டால், "விவசாயிக்குத்தான் வரி கிடையாதே!" என்று பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதில் நம் நாட்டுக்குப் பொருந்தாது.

1. குழப்பம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம், தமிழ்நாட்டுச் செய்திகள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்துக்கு விலக்கு அளித்தது. அந்த வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை அந்நாட்டு அரசியலமைப்பு மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. அங்கேயும் கூட, மாடு வளர்த்துப் பால் விற்பது அந்த விலக்கில் சேராது.

இரண்டாவது காரணம், நிலவரி. "வருஷா வருஷம் லேன்ட் ஆபீஸ்ல சுக்காய் தானா கட்டுறேனே, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்பார்கள். நிலவரி மாநில அரசுக்குப் போவது. நிலம் இருந்தாலே கட்ட வேண்டும். வருமான வரி மத்திய அரசுக்குப் போவது; லாபம் வந்தால்தான் கட்ட வேண்டும். ஒன்றைக் கட்டியதால் இன்னொன்று தீராது.

2. நம் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன் பார்வையில் பண்ணையும் ஒரு தொழில்தான்; அதில் வரும் லாபம் தொழில் வருமானம். ஆகவே, பண்ணைக்காரர் 'பாரம் பி' நிரப்ப வேண்டும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் நிரப்புவது 'பாரம் பிஇ'. பிஇ-க்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. பி-க்கு ஜூன் 30. பகலில் சம்பள வேலை, மாலையில் பண்ணை என்று இருப்பவருக்கும் 'பாரம் பி'தான்.

3. விற்பனை வேறு, லாபம் வேறு

இங்கேதான் பலர் பயந்துவிடுகிறார்கள். கைக்கு வந்த காசு முழுவதற்கும் வரி என்று நினைக்கிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் பால் கொடுக்கும் ஒரு சிறு பண்ணைக்காரர்; மனைவிக்குத் தனி வருமானம் இல்லை.

பால் விற்பனை: 96,000 ரிங்கிட்
வீட்டுக்கு எடுத்த பால், சந்தை விலைப்படி: 2,400
மொத்தம்: 98,400
தீவனம், மருந்து, கூலி, மின்சாரம், லாரிப் பழுது: 66,400
மீதி: 32,000
10,000 ரிங்கிட் கறவை இயந்திரத்துக்கு முதலாண்டு மூலதனக் கழிவு (20% + 14%): 3,400
மீதி: 28,600
வரி விலக்கு (தமக்கு 9,000, மனைவிக்கு 4,000): 13,000
வரிக்குட்பட்ட வருமானம்: 15,600

2024 மதிப்பீட்டாண்டு விகிதப்படி முதல் 5,000-க்கு வரி இல்லை. மீதி 10,600-க்கு 1%, அதாவது 106 ரிங்கிட். வரிக்குட்பட்ட வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆக, கட்ட வேண்டியது சுழியம்! ஏறக்குறைய ஒரு லட்சம் வெள்ளிக்கு வியாபாரம் செய்தும் வரி இல்லை.

மாணவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். வீட்டுக்கு எடுத்த பாலும் வருமானத்தில் சேரும். விலக்கு என்பது வருமானத்திலிருந்து கழிப்பது. தள்ளுபடி என்பது வரியிலிருந்து கழிப்பது. இரண்டையும் மாற்றிப் போட்டால் விடை தவறிவிடும்.

4. எந்தச் செலவைக் கழிக்கலாம்?

வருமானம் ஈட்டுவதற்காக மட்டுமே செய்த செலவைக் கழிக்கலாம். வீட்டுச் செலவு, பிள்ளையின் கல்யாணச் செலவு இதில் வராது. காட்டை வெட்டி, நிலத்தைச் சீர்படுத்தி, முதன்முறை நடுவது மூலதனச் செலவு. அதற்கு விவசாயக் கழிவு என்று தனியாக உண்டு: நிலம் திருத்துதல், நடுதல், பண்ணைச் சாலை ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 50%, தொழிலாளர் குடியிருப்புக்கு 20%, பண்ணையின் மற்றக் கட்டடங்களுக்கு 10%. பழைய செம்பனையை வெட்டிவிட்டு மறுபடியும் செம்பனையே நட்டால், அது மறுநடவு. அந்தச் செலவை அதே ஆண்டில் முழுவதுமாகக் கழித்துவிடலாம்.

5. ரசீது இல்லாவிட்டால்?

மேலே பார்த்த அதே பண்ணைக்காரர், செலவில் பாதிக்கு ரசீது வைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வாரியம் தணிக்கை செய்து அந்த 33,200 ரிங்கிட்டை ஏற்கவில்லையென்றால், வரிக்குட்பட்ட வருமானம் 48,800 ஆகிவிடும். முதல் 35,000-க்கு வரி 600. மீதி 13,800-க்கு 6% என்றால் 828. மொத்தம் 1,428 ரிங்கிட். தள்ளுபடியும் போய்விடும். அதே மாடு, அதே பால்; வித்தியாசம் ஒரு கணக்குப் புத்தகம். ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

வரி சுழியம் என்றால் பாரம் எதற்கு என்று கேட்கலாம். நோய் வந்து மாடு செத்து, நட்டம் வந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். கணக்கு காட்டியிருந்தால் அந்த நட்டத்தை அதே ஆண்டின் சம்பள வருமானத்தோடு ஈடுசெய்யலாம். மிஞ்சியதை அடுத்த 10 ஆண்டுகளின் தொழில் வருமானத்தில் கழிக்கலாம். வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால், சம்பளச் சீட்டு இல்லாத பண்ணைக்காரருக்கு 'பாரம் பி'தான் வருமானச் சான்று. அது கையில் இல்லாமல் நல்ல உழைப்பாளியும் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

6. யாருடைய வருமானம்?

பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். ஒரு செம்பனை மரம் தனியாளுடையது என்றால் தனிநபர் விகிதம். கம்பெனியுடையது என்றால் நிறுவன விகிதம். கூட்டுறவுச் சங்கத்துடையது என்றால் அதற்கென உள்ள விகிதம். மரம் ஒன்றுதான், உடைமைக்கு ஏற்ப வரி மாறும்.

பயிற்சிக் கேள்விகள்

அ. நிலவரிக்கும் வருமான வரிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
ஆ. மேற்கண்ட பண்ணைக்காரர் கறவை இயந்திரம் வாங்காமல் இருந்திருந்தால் வரிக்குட்பட்ட வருமானம் எவ்வளவு? வரி கட்ட வேண்டி வருமா?
இ. 'கணக்குப் புத்தகமும் ஒரு விவசாயக் கருவியே' என்னும் தலைப்பில் 150 சொற்களில் கருத்துரைக்க.

ஆசிரியர்களே, 'ஆ' கேள்வியை வகுப்பில் கொடுத்த பிறகு, வீட்டில் பண்ணை உள்ள மாணவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து ஒரு மாதத்து வரவு செலவை எழுதிவரச் சொல்லுங்கள். தேர்வுக்கும் உதவும், அப்பாவுக்கும் உதவும்.